ஏட்டில் ஏறாத சாவுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாட்டுப்புறத்துப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவரும் செய்தி நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. 2005-ம் வருஷத்தில் அங்கே நடந்துவந்த பத்திரிகைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இப்போது இல்லை. மூவாயிரத்துக்கு அதிகமானவை மூடப்பட்டுவிட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிற்றூர்களின் வாரப் பத்திரிகைகள். அந்நாடு ஏறக்குறைய 3,100 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கவுண்டி என்பதை நம்முடைய தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் இடைப்பட்டதொரு பிரிவென்று கொள்ளலாம். இவற்றில் இருநூற்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளில் உள்ளூர்ச் செய்தியை எடுத்துச் சொல்ல ஒரு பத்திரிகையேனும் கிடையாது. இதனால் தேர்தல்கள் கெடும், லஞ்சம் வளரும், அதிகாரிகள் கேள்வி முறையின்றி நடப்பார்கள் என்று அந்நாட்டு அறிஞர்கள் எழுதி வருகிறார்கள். அவையனைத்தும் உண்மையே. நாம் இன்று எடுத்துக்கொள்வது அவர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம். அந்தக் கவுண்டிகளில் இன்று ஒருவன் இறந்தால் அதை ஊரறியச் சொல்வது யார்? ஐம்பது வருஷம் கழித்து அவனுடைய பேரன் தேடிக்கொண்டு வந்தால் எந்த ஏட்டைப் புரட்டுவான்?

இதென்ன அற்ப விஷயம் என்று சிலர் எண்ணலாம். வக்கீல் தொழிலிற் பழகியவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். சொத்து யாருக்குச் சேரும், விதவைக்குப் பென்ஷன் உண்டா, குழந்தைக்குக் கார்டியன் யார், கொலை நடந்ததா இல்லையா என்ற இத்தனை வழக்குகளும் ஒரு மனிதனின் சாவு ருஜுவாவதைப் பொறுத்து நிற்கின்றன. ஏழு வருஷம் ஒருவனைப் பற்றிச் செய்தியே இல்லாவிட்டால் அவன் இறந்தவனென்று அநுமானிக்க இங்கிலீஷ் சட்டமும் அதைப் பின்பற்றிய சட்டங்களும் இடங்கொடுக்கின்றன. ஆனால் அநுமானம் வேறு, ருஜு வேறு. அநுமானத்தினால் நிலம் கைமாறலாம்; கொலைகாரன் கூண்டில் ஏறமாட்டான்.

அமெரிக்கக் கிராமாந்தரத்தில் மரணத்துக்கு இரண்டு வகையான ருஜு உண்டு. சர்க்காரிடம் பதிவாகும் மரண சர்டிபிகேட் ஒன்று. பத்திரிகையில் வெளிவரும் இரங்கற் குறிப்பு மற்றொன்று. முதலாவது எப்போது, எங்கே, எந்த வியாதியால் என்பதைச் சொல்லும். இரண்டாவதோ அவன் யாருடைய மகன், எந்தக் கோயிலைச் சேர்ந்தவன், யார் யாரை விட்டுச் சென்றான், எந்த மயானத்தில் அடக்கமானான் என்பவற்றையெல்லாம் சொல்லும். ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே தேடுகிறவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு? மரணப் பதிவு என்பது அமெரிக்காவில் பழைய ஏற்பாடென்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. மத்திய சர்க்கார் மரணப் பதிவுப் பிரதேசம் என்று ஒன்றை 1880-ம் வருஷத்தில் வகுத்தபோது அதில் அடங்கிய ராஜ்யங்கள் மாஸசூஸெட்ஸும் நியூ ஜெர்ஸியும் மட்டுமே. தலைநகரப் பிரதேசமும் சில நகரங்களும் உடன் சேர்ந்தன. நூற்றுக்குத் தொண்ணூறு மரணங்களாவது பதிவாகின்றன என்று காட்டிய ராஜ்யங்களே பிற்காலத்தில் அதிற் சேர்க்கப்பட்டன. கடைசி ராஜ்யமாகிய டெக்ஸாஸ் உள்ளே நுழைந்தது 1933-ல்! அதற்கு முன்னிருந்த நிலைமைக்கு ஜனக்கணிதத்தோடு சேர்த்து எடுக்கப்பட்ட மரண ஜாபிதாக்களைப் பார்க்கலாம். 1850 முதல் 1880 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்புக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் வீட்டில் இறந்தவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆகவே பத்து வருஷ மரணங்களில் ஒரு வருஷத்து மரணங்களே அகப்படும். 1850-லும் 1860-லும் எடுத்த அடிமைகளின் ஜாபிதாவிலோ மனிதனுக்குப் பெயரே கிடையாது. எஜமானன் பெயரின் கீழ் வயது, ஆண் பெண், நிறம் என்று மாட்டுக்கணக்குப் போலக் குறித்திருக்கிறார்கள். 1890-ம் வருஷத்து ஜனக்கணிதம் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் உண்டான தீயினால் பாழாயிற்று. மிஞ்சியதையும் பின்னால் சர்க்காரே அழித்துவிட்டனர்.

மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ராஜ்யம் முழுவதுக்குமான பதிவு 1914-ம் வருஷம் பிப்ரவரியில்தான் ஆரம்பமாயிற்று. அந்த ராஜ்யத்தின் கீழ்க்கோடியில் நதியை ஒட்டிக் கிடப்பது பிலிப்ஸ் கவுண்டி. பருத்தி பூமி. 1950-ல் 46,000 பேருக்கு மேல் வாழ்ந்த அவ்விடத்தில் 2020-ம் வருஷக் கணக்குப்படி 17,000 பேர்கூட இல்லை. அதன் தலைநகர் ஹெலினா. தெற்கே எலெயின் என்றொரு சிற்றூர். அந்த ஊரின் பெயரை நமது வாசகர்களில் பலர் கேட்டிருக்கமாட்டார்கள், கேட்டிருக்க வேண்டும்.

1919-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி இரவு. எலெயினுக்கு மூன்று மைல் வடக்கே ஹூப் ஸ்பர் என்னுமிடத்துக் கோயிலில் கறுப்பினத்து வாரக்குடிகள் கூடியிருந்தனர். பருத்தி நல்ல விலைக்கு விற்ற காலம் அது. ஆனால் கணக்கை எழுதுகிறவர் பண்ணை முதலாளி. கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடையும் அவருடையது. கணக்கைக் காட்டென்று கேட்கும் குடிக்கு இடமில்லை. ஆகவே சங்கம் ஒன்று அமைத்து, லிட்டில் ராக் நகரத்து வெள்ளைக்கார வக்கீல் ஒருவரை அமர்த்திக்கொண்டு, தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக் கேட்க அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அன்றிரவு கோயிலுக்கு வெளியே துப்பாக்கிகள் வெடித்தன. ரயில்வே கம்பெனிக் காவலராகிய ஒரு வெள்ளையர் இறந்தார். உதவி ஷெரீப் ஒருவர் காயமடைந்தார். மறுநாள் காலையில் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளிலிருந்தும் நதிக்கு அப்பாலிருந்தும் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தனர். அக்டோபர் 2-ந் தேதி கவர்னர் சார்லஸ் பிரஃப் சுமார் 500 பட்டாளத்தாருடன் வந்து சேர்ந்தார். வயலிலும் புதரிலும் வீட்டிலும் மனிதர்கள் சுடப்பட்டனர். வேட்டைக்குச் சென்று திரும்பிய ஜான்ஸ்டன் சகோதரர் நால்வரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் பல் வைத்தியர். ஒருவர் ஐரோப்பிய மகாயுத்தத்தில் பிரான்ஸில் போர்புரிந்து திரும்பியவர்.

இறந்தவர் எத்தனை பேர்? வெள்ளையர் ஐவர். அவர்கள் பெயர், ஊர், தொழில் எல்லாம் தெரியும். கறுப்பர் எத்தனை பேர் என்று கேட்டால், அன்றைய அதிகாரிகள் இருபத்தைந்து என்ற அளவில் சொன்னார்கள். வர்ணத்தார் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் ஸ்ரீ வால்டர் ஒயிட் அங்கே போனார். கறுப்பினத்தவரேயானாலும் பார்வைக்கு வெள்ளையரைப் போன்றவராதலால் நிருபர் என்று சொல்லிக்கொண்டு விசாரித்தார். வேஷம் வெளியாகவே ரயிலேறித் தப்பினார். அவர் அறிந்துவந்த கணக்கு நூற்றுக்கு மேற்பட்டது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களில் இருநூற்றுக்கு மேல் என்று கூறுகிறவர்களும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் எண்ணிக்கை முடிவாகவில்லை; பெயர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏன் முடிவாகவில்லை? அப்போது மரணப் பதிவுச் சட்டம் அமுலுக்கு வந்து ஐந்து வருஷங்கள் கடந்துவிட்டன. சட்டம் இருந்தது. ஆனால் பதிவு எவ்வாறு நடக்கிறதென்று பாருங்கள். சவ அடக்க ஸ்தாபனத்தார் பிரேதத்தை ஏற்றுக் குடும்பத்தாரை விசாரித்துப் பாரத்தை நிரப்பவேண்டும். வைத்தியர் மரண காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். உள்ளூர்ப் பதிவாளர் அதைத் தலைநகருக்கு அனுப்பவேண்டும். வைத்தியரும் இல்லாமல், சவ அடக்கக்காரரும் இல்லாமல், பண்ணையின் ஓரத்தில் குழிதோண்டி மூடப்பட்டவனுக்கு யார் பாரம் நிரப்புவது? சுட்டவர்களே ஊர் அதிகாரிகளாயிருக்கும்போது எந்த வைத்தியர் காரணம் எழுதுவார்? குடும்பத்தார் என்றால், ஏறக்குறைய முந்நூறு பேர் சிறையில். மற்றவர்கள் இரவோடிரவாக நாட்டைவிட்டு ஓடியவர்கள். மத்திய சர்க்கார் ஆர்க்கன்ஸாஸைப் பதிவுப் பிரதேசத்தில் சேர்த்துக்கொண்டது 1927-ல்தான் என்பதையும் கவனிக்கவேண்டும். அதாவது அமைதியான காலத்திலேயே அந்த ராஜ்யத்துப் பதிவு நம்பத்தக்க அளவுக்கு நிறைவுற்றதென்று 1919-ல் வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே 1919-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி அமிருதஸரசில் நடந்ததை நமது வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்ளாமல் இரார். சர்க்கார் 379 என்றனர்; காங்கிரஸ் விசாரணையாளர்கள் ஏறக்குறைய ஆயிரம் என்றனர். சுட்டவர்களே எண்ணும் கணக்கு எங்கும் இப்படித்தான் இருக்கும் போலும்.

பத்திரிகைகளாவது சொல்லுமென்றால், ஹெலினாவின் வெள்ளையர் பத்திரிகை, கலகக்காரர்கள் வெள்ளையரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்ற அதிகாரிகளின் கதையையே அச்சிட்டது. தென்னாட்டுப் பத்திரிகைகளில் கறுப்பர் இறந்தால் இரங்கற் குறிப்பு வெளியிடும் வழக்கம் அந்நாளில் பொதுவாக இல்லை. இட்டாலும் தனிப் பத்தியில் இரண்டு வரி. கறுப்பரின் பத்திரிகைகளோ வெளியூரில் இருந்தன. சிகாகோ டிபெண்டர் பத்திரிகையும் கிரைஸிஸ் என்ற சஞ்சிகையும் ஆர்க்கன்ஸாஸுக்குள் தபாலில் வராமல் தடுக்க வேண்டுமென்று கவர்னர் பிரஃப் மத்திய சர்க்காரைக் கேட்டுக்கொண்டார் என்பது சரித்திரம். இறந்தவன் பெயரை அச்சிடக்கூடிய பத்திரிகை உள்ளே வரக்கூடாது. உள்ளே இருக்கும் பத்திரிகை அச்சிடாது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

பின் எங்கேதான் அந்தச் சாவுகள் எழுத்தில் ஏறின? நியாயஸ்தலத்தின் கட்டுகளில். இது விசித்திரமான சங்கதி. கொன்றவர்கள் மீது வழக்கில்லை. கொல்லப்பட்ட இனத்தாரில் 12 பேருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு விசாரணை முக்கால் மணி நேரத்தில் முடிந்து, ஐந்து நிமிஷத்துக்குள் ஜூரிகள் குற்றவாளியென்று சொல்லிவிட்டார்கள் என்பது மேல் மனுவிற் கண்ட விவரம். ஜூரிகளில் ஒரு கறுப்பரும் இல்லை. அடிமைத் தாய்க்குப் பிறந்து வக்கீலாக உயர்ந்த ஸ்ரீ ஸிப்பியோ ஜோன்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் விடாது போராடி வழக்கை ஸுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயினர். மூர் எதிர் டெம்ப்ஸி என்னும் அந்த வழக்கில் 1923 பிப்ரவரி 19-ந் தேதி நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, கும்பலின் பயமுறுத்தலுக்கு அடங்கி நடந்த விசாரணை விசாரணையே அன்று என்றும், ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவை மத்திய நியாயஸ்தலம் விசாரிக்கக் கடமைப்பட்டதென்றும் ஸ்தாபித்தது. கடைசிக் கைதிகள் 1925 ஜனவரியில் வெளிவந்தனர். அந்த வழக்குக்காகத் தாக்கலான பிரமாண வாக்குமூலங்களில், கைதிகள் எவ்வாறு சவுக்கால் அடித்துச் சாட்சியம் வாங்கப்பட்டனர் என்பதும், கண்முன்னே யார் யார் சுடப்பட்டனர் என்பதும் உள்ளன. ரயில்வே உத்தியோகத்திலிருந்த வெள்ளையர் இருவரே தாங்கள் கண்டதை உள்ளபடி எழுதிக் கொடுத்தனர். ஸ்ரீமதி ஐடா வெல்ஸ் சிறையிலிருந்தவர்களை உறவினர் போலச் சென்று கண்டு, 1920-ல் வெளியிட்ட பிரசுரமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மரண ரிஜிஸ்தர் எழுத மறுத்ததைப் பிரதிவாதியின் வக்கீல் எழுதிவைத்தார் என்று சொல்லவேண்டும்.

இன்று அங்கே முன்னோரைத் தேடிச் செல்கிறவர்களில் அநேகர் நேரே கவுண்டிக் கச்சேரிக்குப் போகிறார்கள். அங்கே மரண சர்டிபிகேட் கிடையாது. அது ராஜ்யத் தலைநகரில் சுகாதார இலாகாவின் வசம். ஐம்பது வருஷம் கடந்த மரணப் பதிவுகளை யாரும் பார்க்கலாமென்று ஆர்க்கன்ஸாஸ் சட்டம் அநுமதிக்கிறது. ஆகையால் 1919-ம் வருஷத்துக் காகிதங்களை யாரும் மறைக்கவில்லை. இல்லாத காகிதத்தை மறைப்பானேன்? ஆனால் கவுண்டிக் கச்சேரிக்குப் போவது வீணென்றும் சொல்லமாட்டோம். உயில் ரிஜிஸ்தர் அங்கே உண்டு. நிலக்கிரயப் பத்திரங்கள் உண்டு. வரி ஜாபிதா உண்டு. வருஷந்தோறும் வரி ஜாபிதாவில் வந்த ஒரு பெயர் 1920-ல் திடீரென்று மறைந்தால் அதுவும் ஒரு சாட்சியமே. உள்நாட்டு யுத்தத்தில் ஹெலினாவிலேயே கறுப்பர் பட்டாளங்கள் திரட்டப்பட்டன; அவ்வீரர்களின் விதவைகள் பென்ஷன் கேட்டு எழுதிய மனுக்கள் தேசிய தஸ்தாவேஜுக் காப்பகத்தில் இருக்கின்றன. கணவன் எந்த நாளில் எப்படி இறந்தான் என்று அண்டைவீட்டார் சாட்சி சொன்னது அதில் வரும். இவையன்றி, கறுப்பர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட பரஸ்பர சகாயச் சங்கங்கள் உண்டு. லிட்டில் ராக்கில் தோன்றிய மொஸெய்க் டெம்ப்ளர்ஸ் சங்கம் அங்கத்தினருக்கு அடக்கச் செலவு கொடுத்ததோடு சலவைக்கல்லில் பெயர் பொறித்துக் கல்லறைக்கும் அனுப்பியது. சர்க்கார் எழுதாத பெயரைச் சந்தா கட்டிக் கல்லில் எழுதிக்கொண்டார்கள்! கோயிலில் அடக்கச் சடங்கன்று அச்சிட்டு வழங்கும் வரிசைத்தாள்களும் மதிப்புள்ளவை. பத்திரிகை போடாத இரங்கற் குறிப்பு முழுவதும் அதில், பலசமயம் படத்துடன், இருக்கும். ஜார்ஜியாவில் இத்தகைய தாள்களைச் சேகரித்துக் கணினியில் ஏற்றி யாவரும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

இப்படித் தேடிக் கண்டுபிடிப்பது வெறுங்கனவா? ஓக்லஹோமா ராஜ்யத்து டல்ஸா நகரில் 1921-ல் நடந்த படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மயானத்தில் 2020 முதல் அகழ்ந்து பார்த்து வருகின்றனர். 2024 ஜூலையில் முதன்முதலாக ஒருவர் இன்னாரென்று அடையாளம் காணப்பட்டார். அவரும் யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு போர்வீரர். உடலின் மரபுக்கூறு ஆராய்ச்சி வழிகாட்டியது. அவருடைய தாய்க்காக ஒரு வக்கீல் 1936-ல் சர்க்காருக்கு எழுதிய கடிதம் தேசியக் காப்பகத்திலிருந்து எடுக்கப்பட்டு அதை உறுதிசெய்தது. மகனை இழந்த தாய் பணம் கேட்டு எழுதுவித்த கடிதம்! அதை எவரேனும் குப்பையில் போட்டிருந்தால் அந்த எலும்புகளுக்கு இன்னும் பெயரிராது.

ஆகவே காகிதங்களைக் காப்பதும் திறந்துவைப்பதும் இன்றைய கடமைகள். இதற்கு நேர்மாறாகச் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. சமூகப் பாதுகாப்பு இலாகா வெளியிட்டுவந்த மரண அட்டவணை தேடுகிறவர்களுக்குப் பேருதவியாயிருந்தது. 2011-ல் அதிலிருந்து ஏறக்குறைய 42 லட்சம் பெயர்களை நீக்கினர். 2013-ல் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, ஒருவர் இறந்து மூன்று வருஷங்கள் வரை அந்த விவரத்தை அங்கீகாரம் பெற்றவர்களுக்கே கொடுக்கலாமென்று வகுத்தது. இறந்தவர் பெயரால் மோசடி செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட கவுண்டியில் ஒரு மரணம் நிகழ்ந்தால் மூன்று வருஷம் அதை அறிய ஊராருக்குப் பொது வழி என்ன இருக்கிறது? பத்திரிகை மிஞ்சியுள்ள இடங்களிலும் இரங்கற் குறிப்புக்கு விளம்பரம் போல வரிக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். பணமுள்ளவனுக்குச் சரிதம், ஏழைக்குப் பெயரும் தேதியும், சில சமயம் அதுவுமில்லை. முன்பு நிறம் பார்த்துச் சுருக்கிய பத்தியை இப்போது பணப்பை சுருக்குகிறது.

எலெயின் படுகொலையின் நினைவாக 2019 செப்டம்பரில் ஹெலினாவில் கச்சேரிக்கு எதிரே ஒரு சின்னம் எழுப்பப்பட்டது. எலெயினிலேயே அதே வருஷம் ஒரு மரக்கன்று நட்டார்கள். சில மாதங்களுக்குள் யாரோ அதை வெட்டிச் சாய்த்தனர். சின்னம் ஹெலினாவில் வேண்டுமா எலெயினில் வேண்டுமா என்ற விவாதமும் நடந்தது. இதில் புகுவது நமது வேலையன்று. ஆனால் கல் எங்கே நின்றாலும் அதில் பொறிக்கப் பெயர்கள் வேண்டுமே!

அதற்காக ஆர்க்கன்ஸாஸ் சட்டசபை அடுத்த கூட்டத்தொடரில் செய்யக்கூடியவை உண்டு. நதிக்கரைக் கவுண்டிகளிலுள்ள சவ அடக்க ஸ்தாபனங்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள்; உரிமையாளர் இறந்ததும் கதவடைத்துவிடுகிறார்கள்; பழைய ஏடுகள் கொட்டகையில் ஈரமேறிக் கிடக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்கவோ பிரதியெடுக்கவோ ராஜ்யக் காப்பகத்துக்குப் பணம் ஒதுக்கவேண்டும். மூடப்பட்ட பத்திரிகைகளின் பழைய தொகுதிகளையும் அவ்வாறே செய்யவேண்டும். 1919-ம் வருஷ வழக்குகளின் வாக்குமூலங்களில் வரும் மரணங்களை, நியாயஸ்தலத்தின் உத்தரவு பெற்று, தாமதித்த பதிவாக ரிஜிஸ்தரில் ஏற்றுவதற்கு ஒரு விதி சேர்க்கவேண்டும். ஜனனத்துக்கு இத்தகைய தாமதப் பதிவு அந்நாடெங்கும் வழக்கிலுள்ளது. மரணத்துக்கும் அதை விரிவுபடுத்தினால், காரணம் என்ற கட்டத்தில் துப்பாக்கிக் காயம் என்று எழுதவேண்டிவரும். இடம் என்ற கட்டத்தில் பிலிப்ஸ் கவுண்டி என்று எழுதவேண்டிவரும்.